பதினேழாம் வரியில் ஒட்டிய ஊசி

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் ஜப்பான் பாஷை தெரிந்த ஒரே ஆள் சோபனா. ஆலங்காயம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். அவள் வீட்டில் காலேஜ் படியை மிதித்த முதல் கால் அவளுடையது. இரண்டு வருஷம், சனி ஞாயிறு தவறாமல் வேலூருக்குப் போய் அந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டாள். அதற்குக் கிடைத்த மரியாதை, 'ஜப்பான்காரி' என்கிற பட்டப்பெயரும் டாய்லெட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும்தான்.

அன்று மதியம் அந்த மேஜைமேல் ஒரு தாளை வீசிவிட்டுப் போனார் குவாலிட்டி மேனேஜர் கோதண்டபாணி.

"நாலு மணிக்குள்ள ஜப்பான்ல மாத்தி அனுப்பிடும்மா. அஞ்சு மணிக்கு லாரி கிளம்புது."

சரக்கு வாங்குகிற இனோவே என்பவர் காலையில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். தையல் செக்‌ஷனில் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டையும் தேடியெடுத்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த ஊசி கொடுப்பார்கள். ஒரு துணுக்கு குறைந்தாலும் லைன் நிற்கும். இது குழந்தைகள் ஷூ. கயிறு கோக்கிற துளைகளில் உலோக வளையம் இருப்பதால் ஊசி கண்டுபிடிக்கிற மெஷின் எந்த ஜோடியை வைத்தாலும் கத்தும். அதனால் அந்த ரிஜிஸ்டர்தான் சாட்சி. அதன் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் இனோவே கேட்டிருந்தார்: பதினேழாம் வரியில் ஊசி முனை மட்டும் மேல்பாதியைவிடத் தடியாகத் தெரிகிறதே, என்ன நடந்தது?

கோதண்டபாணி எழுதிய பதில் இங்கிலீஷில் நாலு வரி. நீடில் அட்ஜஸ்ட்டட். ஆபரேட்டர் அட்ஜஸ்ட்டட். லைன் அட்ஜஸ்ட்டட். கைண்ட்லி அட்ஜஸ்ட்.

சோபனாவுக்கு மண்டை காய்ந்தது. பஸ் சீட்டில் மூணாவது ஆளாக இடுப்பைச் செருகுவதும் நம்ம ஊரில் அட்ஜஸ்ட்தான், குடிகாரப் புருஷனோடு குடித்தனம் நடத்துவதும் அட்ஜஸ்ட்தான். ஜப்பான் பாஷையில் அந்தப் பப்பு வேகாது. மெஷினைத் திருகிச் சரிசெய்தால் சோசேய். ஒன்றோடு ஒன்றைப் பொருத்தினால் அவசேரு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனால் கமன். கண்ணில் மண்ணைத் தூவினால் கோமகசு. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொருத்தர் தலையில் போய் விழும். 'ஆபரேட்டர்' என்கிற இரண்டாம் வரியில் கடைசிச் சொல்லைப் போட்டால் தையல் செக்‌ஷன் அமிர்தவள்ளியின் வேலை காலி. பதினேழாம் வரியில் கையெழுத்து அவளுடையது.

சோபனா தாளை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள்.

"சார், நாலு அட்ஜஸ்ட் எழுதிருக்கீங்க. இன்னா அர்த்தத்துல?"

"அட்ஜஸ்ட்னா அட்ஜஸ்ட்தாம்மா. அதுக்கின்னா அர்த்தம்?"

"ஊசியை யாரு, இன்னா பண்ணாங்க? அது தெரியாம எந்த வார்த்தையப் போடறது?"

"சும்மா பேஜார் பண்ணாத. அதுக்குத்தானே உன்ன வெச்சிருக்கு? பாத்துப் போடு."

"பாத்துப் போடட்டுமா சார்?"

"போடு, போடு."

சோபனா பாக்கத்தான் போனாள். தையல் செக்‌ஷனில் அமிர்தவள்ளி தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே பஸ்.

"அக்கா, பதினேழாம் வரி ஊசி இன்னா கதை?"

"உனுக்கு எதுக்குடி அது?"

"ஜப்பான்காரன் கேக்கறான். சொல்லலன்னா உன் தலைல விழும்."

மெஷின் நின்றது. அமிர்தவள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, மேஜை அடியிலிருந்து ஒரு பழைய பாக்கு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே முறிந்த ஊசி முனைகள், எறும்புக் கூட்டம் மாதிரி.

"எல்லாருகிட்டயும் ஒரு டப்பா இருக்கும், அப்புறமா கிடைக்கற முனையெல்லாம் அதுல போட்டுவெப்போம். முனை கிடைக்கலன்னா இதுலேருந்து ஒண்ணு எடுத்து ஒட்டிக்குவோம். தேடினா இருவது நிமிசம் போய்டும், டார்கெட் கம்மியாய்டும். ஆனா அன்னிக்கு நான் ஒட்டலடி. சின்னப் பசங்க ஷூவாச்சேன்னு, முனை காணலன்னு கைய தூக்கிச் சொன்னேன். அந்த மேனேஜருதான் வந்து, லைன நிறுத்தாத, டப்பாவுலேருந்து எடுத்து ஒட்டுன்னாரு. ஒட்டினேன்."

"அப்ப நெஜ முனை?"

"அதான் எனக்கும் தெரியல."

சோபனா மேஜைக்குத் திரும்பினாள். இத்தனை பேர் இத்தனை நாள் ஒப்பேற்றியதற்கு ஒரு சொல் தேடும் வேலையைத் தன் தலையில் கட்டிவிட்டார்களே என்று எரிச்சல் வந்தது. நாலு சொல்லையும் அடித்துப் போட்டுவிட்டு நடந்ததை எழுதினாள். முனை கிடைக்கவில்லை, தைத்தவர் கை தூக்கிச் சொன்னார், லைன் நிற்கக்கூடாது என்று மேனேஜர் வேறு முனையை ஒட்டச் சொன்னார், அந்தத் துணுக்கு அன்றைய ஷூ ஏதோ ஒன்றில் இருக்கலாம். மூணு ஐம்பதுக்கு அனுப்பினாள்.

நாலரைக்கு லாரியை நிறுத்தச் சொல்லி முதலாளி ஆபீஸிலிருந்து போன் வந்தது. கோதண்டபாணி ஓடி வந்தார்.

"இன்னா எழுதித் தொலச்ச?"

"பாத்துப் போடச் சொன்னீங்க. போய்ப் பாத்தேன், போட்டேன்."

"நாளைக்கி உனக்கு இங்க வேலை இருக்கான்னு பாக்கறேன்."

"பாருங்க சார்."

ஊசி உடைந்த நாளின் கார்ட்டன்களெல்லாம் லாரியிலிருந்து திரும்பக் கீழே இறங்கின. இருநூற்று நாற்பது ஜோடி. லைன் மொத்தமும் உட்கார்ந்து காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஷூவுக்குள் விட்டுத் துழாவியது. ஐந்தே முக்கால் பஸ் போய்விட்டது. "படிச்ச திமிரு. எங்க பொழப்புல மண்ணு" என்று யாரோ காது கேட்கவே சொன்னார்கள். அமிர்தவள்ளிகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. சோபனா தானும் ஒரு காந்தம் எடுத்துக்கொண்டாள். தப்பு செய்தவர் ஏசி ரூமில் இருக்க, திட்டு வாங்குவது இவள். அந்தக் கடுப்பில் காந்தத்தை உடைத்துவிடுவாள் போல அழுத்திப் பிடித்தாள்.

நூற்றுப் பன்னிரண்டாவது ஜோடியில், குதிகால் பஞ்சுக்குள் 'டிக்'. காந்தம் அமிர்தவள்ளியின் கையில். பிரித்துப் பார்த்தாள். எள்ளைவிடக் கொஞ்சம் நீளம், மூன்று வயசுக் குழந்தையின் குதிகால் அழுந்துகிற இடத்தில்.

அமிர்தவள்ளி எழுந்து போய் ரிஜிஸ்டரைத் திறந்து, பதினேழாம் வரியின் பொய் முனையை டேப்போடு பிய்த்தாள். நிஜ முனையை ஒட்டினாள். பொருந்தியது.

செய்தி கேட்டு வந்த கோதண்டபாணி தொண்டையைக் கனைத்தார். "மேனேஜ்மென்ட் தேடிக் கண்டுபுடிச்சதுன்னு போட்டு அனுப்பும்மா."

சோபனா அவரைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, உன் இனிஷியல் இன்னா?"

"எதுக்குடி? என் பேரெல்லாம் வேணாம், வம்பு."

"கை தூக்கினது நீ. எடுத்தது நீ. வேற யாரு பேரைப் போடறது?"

அமிர்தவள்ளி மேனேஜரைப் பார்த்தாள். ரிஜிஸ்டரைப் பார்த்தாள். டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"வே. எங்கப்பா பேரு வேலாயுதம்."