பதினேழாம் குழாய்

இருபத்தைந்தாவது சுற்றிலேயே ஏறுகிறது, கூடாது, பதினேழின் கோடு முப்பத்திரண்டுக்கு முன்னால் அசையவே கூடாது, அது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆரோக்கியமானவர்கள் வரிசை... இயந்திரம் நாற்பது சுற்றையும் முடிக்க இன்னும் இருபது நிமிடம், திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தேடுவது இருபத்திரண்டே எழுத்துள்ள பொடி ஆர்.என்.ஏ, தானாக ஒரு புரதம் செய்யத் துப்பில்லை, மற்ற மரபணுக்களின் வாயை அடைப்பதுதான் பிழைப்பு. பெருகாதே என்று செல்லை அதட்டும் மரபணுவின் வாயையே அடைத்துவிட்டால்... புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இது மண்டிக் கிடக்கும், இயந்திரம் சுற்றுக்குச் சுற்று அதை இரட்டிப்பாக்கும், நிறைய இருக்கும் அவர்களுடைய கோடுதான் இப்படி அவசரமாக ஏறும். குழாயில் எண் மட்டும்தான், யாருடையது என்று நாங்கள் பார்க்கக் கூடாது. பார்க்க என்ன இருக்கிறது, பதினேழில் ரத்தம் எடுத்தவளே நான்தான், அது என் தங்கையுடையது.

ஏன் பதறுகிறேன்? எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அதிலிருந்தும் இதே ஆர்.என்.ஏ கொட்டும், அப்போது இந்தக் கோடே பொய். உடைந்திருந்தால் மேலே தெளியும் நீர் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். இருந்ததா? அன்று அவள் வாய் ஓயாமல் என் புதுக் கண்ணாடியைக் கிண்டல் செய்தாள், நான் சிரித்தேன், ஊசி ஆடியிருக்கலாம், குழாயை வேகமாகக் குலுக்கியிருக்கலாம்... பதினோரு வருடத்தில் ஒரு குழாயைக் கெடுத்ததில்லை என்று பீற்றிக்கொண்டவள், இந்த ஒன்றையாவது கெடுத்திருக்கக் கூடாதா என்று தவிக்கிறேன். பதிவேட்டில் ‘சிவப்பணு உடைந்தது’ என்று எழுதினால் போதும், பதினேழு குப்பைக்குப் போகும், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மஞ்சள். மஞ்சளாகத்தான் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் பேனா கைக்கு வந்துவிட்டது...

போன் அதிர்கிறது, அவள்தான். “அக்கா, வேலையா இருக்கியா?” “சொல்லுடி.” “சும்மாதான்... என் ரத்தம் என்னாச்சு, பாத்துட்டியா?” “இன்னும் ஓடிட்டிருக்கு. அது ஆராய்ச்சிக்குடி, யாருக்கும் ரிசல்ட் சொல்ல மாட்டோம்.” “தெரியும். ஆனா உனக்குத் தெரியும்ல?” அந்தக் குரலில் கிண்டல் இல்லை, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். ஆரோக்கியமானவர்கள் என்று முப்பது பேர் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி, இதுவரை ஒருவர்கூடத் திரும்பக் கேட்டதில்லை. இவளை நான் கூப்பிடவும் இல்லையே, அவளாகத்தான் வந்து கையை நீட்டினாள்... எதற்கென்று கேட்க எனக்கு அன்று தோன்றவே இல்லை.