மேனி நிறம் எண் ஒன்று

1

வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடமும்:

ராஜமாணிக்கம், பீங்கான் பொம்மைப் பட்டறையின் முதலாளி, கதவோரம் இரும்பு நாற்காலியில். தர்மராஜ், சூளைக்காரர், சூளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். ஜுலைகா, பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர், ஜன்னலை ஒட்டிய பலகையில். வேல்விழி, கலர் கலக்குகிறவள், கலர் மேசைக்கு முன்னால் முக்காலியில். தேவநாதனாகிய நான் உட்காரவில்லை. பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் டாக்டர்கள் நாற்பத்திரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

எதை எழுத உட்கார்ந்தாலும் இப்படி ஆளையும் இடத்தையும் குறித்துக்கொள்வது என் பழக்கம். விருத்தாசலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மூலையில் மேசை போட்டு, ஊராருக்கு மனுவும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன். கதை எழுதுகிறவன் அல்ல. இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் வெட்கம்: ஒரு பொய்க் கடிதம் எழுதித் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பேனாவோடு போனேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மூன்றும் இங்கேயே கிடக்கட்டும்.

முதலாவது: ‘மணிமுத்தாற்றங்கரையில் பொன்னிறக் கதிரவன் மெல்ல—’

நான் போனது காலை பதினொரு மணிக்கு. அப்போது கதிரவன் ஆற்றங்கரையில் இல்லை, பட்டறையின் தகரக் கூரைமேல் இருந்தான்.

இரண்டாவது: ‘சமூக நீதி என்பது யாதெனில்—’

பத்தாம் வகுப்பில் இப்படித் தொடங்கிய கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நான்கு பக்கம். தேடிப் பார்த்தால் அதில் ஒரு மனிதர்கூட இருக்கமாட்டார்.

மூன்றாவது: ‘வேல்விழியின் ஐந்து வயது மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். மாறுவேடப் போட்டியில் அவளுக்கு டாக்டர் வேடம் தர மறுத்து—’

இதுதான் நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். வேல்விழியிடமே படித்துக் காட்டினேன்.

“எனக்கு ஏது சார் பொண்ணு? கல்யாணமே ஆவல.”

“கதைக்காகம்மா.”

“கதைக்காவ எனக்குப் புள்ளயப் பெத்து, அதையும் அழ வுடுவீங்களா? ஏன், நானா பார்த்து ஒரு காரியம் செஞ்சன்னு எழுதுனா ஆவாதா?”

ஜுலைகா பக்கத்திலிருந்து சொன்னார்: “மாப்புள்ள யாருன்னாவது எழுதிருக்காரா பாரு புள்ள. நல்ல எடமா இருந்தா ஒத்துக்க.”

மகளை அடித்துவிட்டேன். (காகிதத்திலிருந்துதான்.)

3

இனி நடந்ததை நடந்தபடி.

சென்னையில் ஒரு கம்பெனி. பள்ளிக்கூடக் கண்ணாடி அலமாரிகளில் வைக்கிற பொம்மைகளை விற்பவர்கள். ‘நமக்கு உதவுவோர்’ என்ற பெயரில் எட்டு பொம்மைகள் கொண்ட செட், நாற்பது செட் கேட்டிருந்தார்கள். உடைசலுக்கென்று இரண்டு செட் கூடுதலாகச் செய்வது பட்டறை வழக்கம். பெஞ்சிலிருந்த நாற்பத்திரண்டு டாக்டர்களின் கணக்கு இதுதான்.

என்னென்ன நிறம் என்று கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்தது. டாக்டர், ஆசிரியை, போலீஸ் அதிகாரி, வங்கி மேலாளர் – இவர்களுக்கு மேனி நிறம் எண் ஒன்று. விவசாயி, கொத்தனார், துணி வெளுப்பவர், துப்புரவுப் பணியாளர் – இவர்களுக்கு மேனி நிறம் எண் இரண்டு. எண் ஒன்று, ரோஜா கலந்த வெளுப்பு. எண் இரண்டு, பழுப்பு.

அந்தத் தாளை மூன்று பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான். முழுவதும் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். (இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு, இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

4

பட்டறையில் ஒரு வேலைமுறை உண்டு. அது தெரியாவிட்டால் கதை புரியாது.

பீங்கானுக்குப் பூசும் கலர், வேகும் முன் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெளுப்புத்தான். சூளையில் வெந்து வந்த பிறகே உண்மை நிறம் தெரியும். அதனால் கலர் கலக்கியதும், காசளவு மண் வில்லை ஒன்றில் பூசி முதலில் வேகவைத்துப் பார்ப்பார்கள். மேனி நிறமாக இருந்தால் இன்னும் ஒரு சோதனை: பதினொரு மணி டீ நேரத்தில் எல்லோரும் கையை மேசைமேல் நீட்டுவார்கள். கலர் கலக்குகிறவர் வில்லையைக் கை கையாக வைத்துப் பார்ப்பார்.

எண் இரண்டு வில்லையை வைத்தாள் வேல்விழி. தர்மராஜின் கையில் வில்லை இருக்கிற இடமே தெரியவில்லை. அவள் கையிலும் அப்படித்தான்.

எண் ஒன்றை வைத்தாள். ஒருவர் கையிலும் ஒட்டவில்லை.

“ஜுலைகாக்கா, நீங்கதான் இங்க செவப்பு. நீட்டுங்க.”

ஜுலைகாவின் கையிலும் அது வெள்ளைப் பொத்தான் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. “துபாய்ல இருக்கற எங்க வூட்டுக்காரரு ஏசி ரூமுலயே கெடக்கறாரு. அவரு கைக்குக்கூட இது சேராது புள்ள.”

“எனக்கு வச்சிப் பாரு. நான் மாநெறம்” என்று ராஜமாணிக்கம் சட்டைக் கையை மடக்கினார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அத்தனை பேரும் டீயைக் குடித்தார்கள். தர்மராஜுக்கு மட்டும் புரை ஏறியது.

5

எண் ஒன்று வில்லையை வேல்விழி மணிபர்ஸில் போட்டுக்கொண்டு போனாள். அன்று மாலை அவள் அம்மாவுக்கு பிரஷர் பார்க்கவேண்டியிருந்தது. டாக்டர் துர்கா, கம்மாபுரத்து விவசாயக் குடும்பம், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அவர் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, வேல்விழி அவருடைய கைமேல் வில்லையை வைத்துவிட்டாள்.

“என்னாடி இது?”

“டாக்டர் கலருங்க மேடம். கம்பெனி அனுப்பிச்சது.”

டாக்டர் தன் கையைப் பார்த்தார். வேல்விழியைவிட ஒரு படி கறுப்பு அவர். “எந்த டாக்டருக்குடி? காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரி கலருல்ல இது!” அவர் சிரித்த சிரிப்பில், நூற்றைம்பதில் நின்ற முள் எங்கேயோ போய்விட்டது. மறுபடி காற்றடிக்க வேண்டியதாயிற்று.

அடித்துக்கொண்டே சொன்னார்: “புதுசா வர்றவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? நான் இந்தச் சேர்லதான் உக்காந்திருப்பேன். ‘ஏம்மா, டாக்டரு எப்ப வருவாங்க?’ம்பாங்க. பதினோரு வருஷமா கேக்கறாங்க. ‘வந்துட்டேங்க, உக்காருங்க’ன்னு சொல்லிடுவேன்.”

இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வேல்விழி இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

(இந்த இடத்தில் அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். ‘அவள் கண்களில் தீப்பொறி—’ வேல்விழியிடம் கேட்டேன். “ஒண்ணும் ஓடல சார். மாத்திரை வாங்கிட்டு ஷேர் ஆட்டோ புடிச்சன்” என்றாள்.)

மறுநாள் காலை எண் ஒன்றையும் எண் இரண்டையும் ஒரே தொட்டியில் ஊற்றிக் கலக்கினாள். வேகும் முன் எல்லாம் ஒரே வெளுப்பு என்பதால், பூசியவர்களுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை.

6

கடிதம் எழுத நான் போன அந்தப் பதினொரு மணிக்குத் திரும்புகிறேன். சூளை திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எட்டு வகைப் பொம்மைகளும் ஒரே நிறத்தில் வந்திருந்தன: நன்றாக வறுத்த வேர்க்கடலைத் தோல் மாதிரி. வெள்ளைக் கோட்டு டாக்டரம்மாவுக்குப் பொருத்தமாகவே இருந்தது. காக்கியில் போலீஸ் அதிகாரி இன்னும் எடுப்பாக இருந்தார்.

“எழுதுங்க சார்,” என்றார் ராஜமாணிக்கம். “‘சூளையில் வெப்பம் கூடிய காரணத்தால் நிறம் மாறிவிட்டது, மன்னிக்கவும்.’”

தர்மராஜ் வாளியிலிருந்து எழுந்துவிட்டார். “எந்தச் சூளைல? முப்பது வருசமா என் சூளைய ஒருத்தன் கொற சொன்னதில்ல. அதிகமா வெந்தா எட்டும் கறுக்கணும், இல்ல எட்டும் வெடிக்கணும். டாக்டரக் கறுக்க வச்சி, வெவசாயிய வெளுக்க வக்கறதுக்கு அது என்னா ஆளு பார்த்தா எரியுது?”

“அப்ப யாரு?”

இங்கேதான் எனக்கு வேல்விழியின் மேல் சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாகத்தான் சொல்கிறேன். இவள் பேசுவாளா? அவள் தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு மண் குழைப்பதும் அச்சு சுரண்டுவதும் மட்டும்தான் என்று இந்தப் பட்டறையில் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே அப்படித்தான் நடந்து வந்தது. ஆறு வருஷம் அச்சு சுரண்டியவள். கலர் மேசைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அந்தத் தெருவிலிருந்து அந்த முக்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். வாயைத் திறக்காமல் இருந்தால் முக்காலி மிஞ்சும். பழி சூளைக்குப் போகும். நான் கதை எழுதுகிறவனாக இருந்தால் அவளை இங்கே இரண்டு பக்கம் யோசிக்க வைத்திருப்பேன்.

“நான்தான் கலக்குனன்” என்றாள். யோசித்ததாகவே தெரியவில்லை.

“தப்பா ஊத்திட்டியா?”

“இல்ல மொதலாளி. தெரிஞ்சிதான்.”

ஜுலைகா மெதுவாக, “அண்ணே, இப்பவே சொல்லிடறேன். ஒரு டீச்சருக்குத் தலையில பச்சைக் கலரு சொட்டிடுச்சி. தொடச்சா பரவிடும்னு முக்காடாப் போட்டுட்டேன்” என்றார்.

ராஜமாணிக்கம் அந்த டீச்சரைத் தேடி எடுத்துப் பார்த்தார். ஜுலைகாவைப் பார்த்தார். “ஒன்ன மாதிரியே இருக்குது” என்றார். அது திட்டா பாராட்டா என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு வேல்விழி பக்கம் திரும்பினார். “ஏம்மா, கேட்டதச் செஞ்சி குடுக்கறதுதான நம்ம வேல? ஊர்ல யாரு என்னா கலருன்னு நாம ஏன் பார்க்கணும்?”

“நாம பார்க்கல மொதலாளி. அவுங்கதான் பார்த்து, நம்பர் போட்டு அனுப்பிருக்காங்க.”

“பெரிய எடத்து ஆர்டரும்மா.”

“சரிங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க பையன் பிரபாகரன் தம்பி டாக்டருக்குத்தான படிக்குது? உங்க கலர அப்படியே உரிச்சி வச்சிருக்குது. அது படிச்சி முடிச்சதும் அதுக்கு எந்த டப்பால பிரஷ்ஷ முக்கறது? ஒண்ணுலயா, ரெண்டுலயா?”

ராஜமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்து பெஞ்சுக்கு வந்தார். ஒரு டாக்டரை எடுத்து, சட்டைக் கையை மடக்கி, கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை.

“மாநெறம்தான்” என்றார் கடைசியில்.

தர்மராஜ்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யார் சிரித்தார்கள் யார் சிரிக்கவில்லை என்று என்னால் குறித்துக்கொள்ள முடியவில்லை. நானும் சிரித்ததால் பேனா கை நழுவிக் கலர் தொட்டியில் விழுந்துவிட்டது. இந்தக் கதையின் பாதியை அந்தப் பேனாவால்தான் எழுதியிருக்கிறேன். மூடியில் இன்னும் வெளுப்பு இருக்கிறது.

“எழுதுங்க சார், நடந்தத” என்றார் முதலாளி. உடனே வேல்விழியைப் பார்த்து, “ஆனா ஒண்ணு. வேணாம்னு பதில் வந்துச்சின்னா நீ பழைய எடத்துக்குத்தான் போவணும். அதுல மாத்தம் இல்ல” என்றார்.

“சரிங்க” என்றாள்.

7

பொருள்: பொம்மைகளின் மேனி நிறம் ஒன்றானது பற்றி.

ஐயா / அம்மா,

தாங்கள் இரண்டு மேனி நிறங்கள் கேட்டிருந்தீர்கள். எங்கள் கலர் கலக்குபவர் வேல்விழி, இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். தெரிந்தே செய்தார். சூளையில் குறை ஏதும் இல்லை. இத்துடன் ஒரு டாக்டரை அனுப்பியுள்ளோம். பிரித்ததும் தங்கள் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஏற்க இயலாது என்றால் மறுபடி செய்து தருகிறோம். அப்படியானால், எண் ஒன்று தங்களுக்குத் தெரிந்த எந்த டாக்டருடைய, எந்த ஆசிரியையுடைய கைக்குப் பொருந்துகிறது என்பதையும் தெரிவிக்கவும்.

“கடைசி வரி கொஞ்சம் நக்கலா இருக்குதே” என்றார் ராஜமாணிக்கம்.

“தகவல்தான கேக்கறோம்?” என்றார் ஜுலைகா.

வரி தங்கிவிட்டது.

8

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர் பிரித்துப் பார்த்து, கையை வைத்து, இன்னும் நாற்பது செட் கேட்கிறார். அல்லது வேண்டாம் என்று இரண்டு வரியில் எழுதுகிறார், வேல்விழி முக்காலியை விட்டு— (இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.) அல்லது இந்த நிறம் விவசாயிக்கு நன்றாக இருக்கும், அவரை மட்டும் அனுப்புங்கள் என்கிறார். இந்த மூன்றாவதைக் கேட்டு வேல்விழி ரொம்ப நேரம் சிரித்தாள். “நடக்கும் சார். இதுதான் நடக்கும்.”

எதையும் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கடிதம் எழுதிக் கொடுக்கிறவனுக்குப் பதிலைப் பிரிக்கும் உரிமை கிடையாது, அது பெறுநருடையது. இங்கே பெறுநர் என்று கம்பெனியின் பெயரைப் போடாமல் விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் கை இப்போது இந்தத் தாளின் பக்கத்தில்தான் இருக்கும். ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதில் எழுதவேண்டியவர் நீங்கள்.

இரண்டு டாக்டர்களைத் தனியாக எடுத்து வைத்தாள் வேல்விழி. ஒன்று பார்சலுக்கு. இன்னொன்று துர்கா டாக்டரின் மேசைக்கு. “டாக்டரு எப்ப வருவாங்கன்னு கேக்கறவங்களுக்கு இதக் காட்டிடலாம்ல?” பார்சல் டாக்டரை வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். உறையை நான் பசை தடவி நீட்டினேன். அவள் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் கலர் பதிந்தது. வேகாத கலர், எந்த எண் என்று சொல்ல முடியாத வெளுப்பு.

தர்மராஜின் வண்டியில் தபாலாபீசுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் தராசில் வைத்தார்.

“உள்ள என்னங்க?”

“டாக்டரம்மா ஒருத்தவங்க” என்றார் தர்மராஜ்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஒடையற பொருளா?”

“என் சூளைல வெந்தவங்க. லேசுல ஒடைய மாட்டாங்க. போடுங்க சார் முத்திரைய.”

போட்டார்.