வரேன்னு சொன்னா வரணும்

பெயர் குடுக்கை. அவசரக்குடுக்கை என்று முழுசாகக் கூப்பிட நேரமில்லாமல் அக்கா பாதியை விழுங்கிவிட, மிச்சமே வீட்டில் நிலைத்துவிட்டது. வயது இருபத்து நாலு. இருப்பது கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில். படுப்பது அதன் பின்பக்கம், வாஷிங் மெஷின்களுக்கு மேலே உள்ள அறையில். மெஷின் சுற்றினால் கட்டிலும் கூடவே ஆடும்.

வேலை நர்ஸ் வேலைதான். ஆனால் படிக்கும்போது அவன் நினைத்துக்கொண்ட ஓட்டமும் பரபரப்பும் இங்கே கிடையாது. ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கவே பெரியவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். நாமே போட்டுவிட்டால் கோபம் வரும். குடுக்கை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமை பழகினான். மாத்திரை கொடுத்தான், சர்க்கரை பார்த்தான், புண்ணுக்குக் கட்டு மாற்றினான், காது மெஷினுக்கு பேட்டரி போட்டான். சோதனைக்காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. தலைமை நர்ஸ் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

புதன்கிழமை அவர் அவனை மருந்து அறைக்குக் கூப்பிட்டார். போகிற வழியெல்லாம் குடுக்கை மனசுக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டே போனான்.

வேலையில் குறையில்லை என்றார் அவர். ஆனால் ஜன்னலோர அறை டிரைவர் புகார் சொல்கிறாராம். காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். இப்போது சக்கர நாற்காலி ஓட்டுகிறார்.

"தினமும் அவர்கிட்ட பொய் சொல்றியாமே?"

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது குடுக்கை, வீட்டுப் பழக்கத்தில் வருகிற "போயிட்டு வரேன்"ஐ அந்த ஊர் மொழியில் சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லியிருக்கிறான். டிரைவர் அதை பஸ் டைம்டேபிளாக எடுத்துக்கொண்டார். பல்செட்டைக் கழற்றாமல், கண்ணாடியும் போட்டபடி, கதவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த ஷிப்ட் நர்ஸ் மாத்திரை நீட்டினால், பையன் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான், வரட்டும் என்பாராம். அப்படியே நாற்காலியில் தூங்கிவிடுவாராம். அதில் கால் வீங்கியது. ஏன் வீங்குகிறது என்று காலைதோறும் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தக் காலைத் தூக்கி வைத்தவனும் குடுக்கைதான்.

பேசாமல் போறேன் என்று சொல்லிவிட்டுப் போ, அவ்வளவுதானே என்றார் தலைமை நர்ஸ்.

அவ்வளவுதானா? நல்ல நாளிலேயே அந்த வார்த்தையைச் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவார். அதை முதியோர் இல்லத்தில், எண்பதைத் தாண்டியவர் முன்னால் நின்று சொல்வதா? அக்காவுக்குப் போன் போட்டான். அவள் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது.

"நீ 'போறேன்'னு சொல்லலைன்னா, உன் வேலை 'போறேன்'னு சொல்லிரும்டா குடுக்கை."

மறுநாள் சாயங்காலம் கதவு வரை போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டான்.

"போறேன் ஐயா."

'ஐயா'வை மட்டும் எப்போதும் தமிழிலேயே சொல்வான். டிரைவர் அதைத் தனக்கு வைத்த செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்று அதுவும் எடுபடவில்லை. ஒரேயடியாகப் போகிறான் என்று நினைத்து, முகம் சுண்டிப்போய், யார் விரட்டியது என்று கேட்டார். தலைமை நர்ஸ் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் விரட்டியது அவர்தான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, மாத்திரைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார்.

மாத்திரைகள் கட்டிலுக்கடியில் உருண்டன. குடுக்கை தவழ்ந்து பொறுக்கிக் குப்பையில் போட்டான். ஓடிப்போய்ப் புதியவற்றை எடுத்தான்; அந்தப் பதற்றத்திலும் பெயரையும் அளவையும் சரிபார்க்க மறக்கவில்லை. திரும்பி வந்து நாற்காலி முன்னால் முட்டி போட்டான்.

"எங்க வீட்டுல கிளம்பும்போது 'போறேன்'னு சொல்ல மாட்டோம் ஐயா. 'வரேன்'னுதான் சொல்லுவோம். உடனே வருவோம்னு அர்த்தமில்ல."

"பின்ன எப்போ?"

வரேன் என்று கிளம்பியவனிடம் எப்போது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. குடுக்கை மறுநாள் ஷிப்ட் நேரத்தை நினைத்துப் பார்த்தான்.

"காலையில ஏழு மணிக்கு வரேன்."

"லேட்டாகுமா?"

"ஆகாது ஐயா."

டிரைவர் மாத்திரையை விழுங்கினார். பல்செட்டைக் கழற்றி அவன் கையில் வைத்தார். சீக்கிரம் படுக்க வை, ஏழு மணி வண்டிக்கு நான் தயாராக இருக்க வேண்டும் என்று பொக்கை வாயால் உத்தரவு போட்டார்.

வெளியே தலைமை நர்ஸ் சிரிப்பை அடக்கியபடி நின்றார். "நாளைக்கு ஏழு மணிக்கு வா. அடுத்த மாசமும் வா. அடுத்த வருஷமும் வா." வேலை நிரந்தரமாகிவிட்டது என்பது குடுக்கைக்கு உறைக்க, லிஃப்ட் கீழே வந்து சேர வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து காலையில் லிஃப்ட் கதவு திறந்தால், எதிரே சக்கர நாற்காலியில் டிரைவர். பார்வை சுவர்க் கடிகாரத்தில்.

ஆகவே இதைப் படிக்கிற வீட்டார் தயவுசெய்து, இங்கே மணி ஏழு அடிக்கும் முன்னால் குடுக்கைக்குப் போன் போட்டு லேட்டாக்காதீர்கள். அக்காவுக்கும் சேர்த்துத்தான்.