தேசப்பன் தைத்த வெடிமருந்து வண்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது முதலில் ஒரு லாரியின் கதை. ஆரம்பாக்கத்தில், நெடுஞ்சாலை ஓரப் பட்டறை ஒன்றில், மூர்த்தி என்பவர் ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரியை லடாக் வரை ஓட்டிப்போவதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தார். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து, ஓசி டீ குடித்து, குறிப்பெடுத்தேன். நான்காம் நாள், கதை கேட்டிருந்த தொகுப்பாசிரியர் போன் செய்தார். கதை டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காட்டில் நடக்க வேண்டுமாம்.

டச்சுக்காரனிடம் ஏது லாரி? ஆனால் சரி என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. எஞ்சினைக் கழற்றினேன். டயரைக் கழற்றினேன். ஸ்டியரிங்கைக் கழற்ற மனசு வரவில்லை, அதையும் கழற்றினேன். மிச்சம் நின்றது கோட்டைக்கு வெடிமருந்து சுமந்த ஒரு கிழட்டு மாட்டுவண்டி.

2

முதல் தொடக்கம்: "கோட்டை மதில்மேல் அந்தி வெயில் பொன்னை உருக்கி —"

வேண்டாம். பொன்னை உருக்காத அந்தி வெயிலை நான் இதுவரை படித்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: "ஆயிரத்து அறுநூற்று எண்பத்து —"

ஆண்டைப் போட்டால் யாராவது ஆதாரம் கேட்டுக் கடிதம் எழுதுவார்கள்.

மூன்றாம் தொடக்கம்:

"மாடு வேணா ஓட்டிக்கினு போ. வண்டி தரமாட்டேன். மீன் வாடை ஏறுச்சுன்னா ஏழு ஜென்மத்துக்கும் போவாது," என்றார் உப்பு வியாபாரி சகாதேவன்.

இது பரவாயில்லை. சண்டையில் தொடங்கினால் கதை தன்னால் நகரும்.

வண்டி கேட்டு நின்றவள் முத்தம்மாள், மீனவக் குப்பத்துக்காரி. அவள் மகள் ராஜம்மா சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது வயிற்றில் ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். கடல் வழியாக ஒன்றரை நாளில் கூட்டிவந்துவிடலாம். ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி படகில் கால் வைக்கக் கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு. ஆகவே தரை வழி. போக ஐந்து நாள், வர ஐந்து நாள், அதுவும் ஐப்பசி மழை ஆற்றை நிரப்புவதற்குள்.

[இப்படி ஒரு கட்டுப்பாடு உண்மையிலேயே இருந்ததா என்று கேட்காதீர்கள். கதைக்கு வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டேன். அவர்கள் அன்று எப்படிப் பேசினார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. எனக்கு இறால் விற்கும் சூசையம்மாள் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசவைத்திருக்கிறேன்.]

3

முத்தம்மாளின் கணவன் தேசப்பன் கோட்டைக்காரர்களிடம் படகோட்டி. முகத்துவாரத்தில் தொலைந்த நங்கூரம் ஒன்றை அவன் முங்கி எடுத்துக் கொடுத்திருந்தான். அந்த நன்றிக்கு, கொட்டடியில் மக்கிக் கிடந்த வண்டியை எடுத்துக்கொள் என்றார்கள். ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய வண்டி.

தேசப்பன் முதலில் அதை ஏரியில் தள்ளி ஏழு தடவை கழுவினான். பலகை இடுக்கெல்லாம் வெடிமருந்து. "அடுப்பாண்ட கொண்டாந்தே, உன்ன கொன்னுருவேன்," என்றாள் முத்தம்மாள்.

பிறகு செய்தான் பாருங்கள் ஒரு வேலை! துருப்பிடித்த ஆணிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தான். பலகையின் ஓரம் நெடுக துளை போட்டு, தென்னங்கயிற்றால் பலகையோடு பலகையைத் தைத்தான். அலையில் போகும் படகை அப்படித்தான் தைப்பார்கள். ஆணி அடித்தால் அலை மோதும்போது பிளந்துவிடும், கயிறென்றால் நெளிந்து கொடுக்கும். அவனுக்குத் தெரிந்த தச்சு அது ஒன்றுதான். தைத்த இடுக்குகளில் குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்தான். அச்சுக்குச் சுறா எண்ணெய் போட்டான்.

குப்பமே கூடி நின்று சிரித்தது.

"ரோட்டுல போற வண்டிக்கு தண்ணி பூராம இருந்தா இன்னா, பூந்தா இன்னா?" என்று கத்தினாள் முத்தம்மாள். "மழைக்கு எத்தினி நாளு கீது? நீ குந்திக்கினு தச்சிக்கினே இரு!"

4

இந்த இடம் வரை எழுதியதை மீன் அங்காடியில் சூசையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார், அந்தம்மா சும்மா கத்திக்கினே கீது?"

"கோபக்காரி. பாத்திரம் அப்படி."

"பாத்திரமாம் பாத்திரம். பொம்பள சும்மா கத்துவாளா? பயத்துல கத்துறா. அத்த எழுது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சிரிப்பு வரவேண்டும் என்பதற்காக அவளைக் கத்தவிட்டது நான்தான். ஆகவே இதைச் சேர்க்கிறேன்: முத்தம்மாளுக்கு ஓர் அக்கா இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டிவரப் போனவர்கள் கொசஸ்தலையாற்று வெள்ளத்தைத் தாண்ட முடியாமல் இக்கரையிலேயே நின்றார்கள். நான்காம் நாள் அக்கரையிலிருந்து சாவுச் செய்தி வந்தது. வானத்தில் மேகம் கூடினாலே முத்தம்மாள் விரல்விட்டு நாள் எண்ணத் தொடங்கிவிடுவாள். அந்தப் பயம்தான் கத்தலாக வந்தது.

"இப்ப படி," என்றார் சூசையம்மாள். படித்தேன். அவர் ஒரு கை இறால் கூடப் போட்டார்.

5

வண்டி கிளம்பியது. நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒரு தொல்லை கூடவே கிளம்பியது. அச்சில் போட்ட சுறா எண்ணெய்க்கு ஊர் ஊராக நாய்கள் சேர்ந்துகொண்டன. சதுரங்கப்பட்டினத்தில் மருமகன் கதவைத் திறந்தபோது வாசலில் மாமனார், மாமியார், நாற்பது நாய்கள்.

"நைனா, இன்னா இது ஊர்கோலம்?" என்று ராஜம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளைப் பார்த்ததும் முத்தம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் நான்கு நாள் வெயில் அடித்தது. ஐந்தாம் நாள், வீடு இன்னும் அரைநாள் தொலைவு என்கிறபோது, கொசஸ்தலையாற்றங்கரையில் மழை பிடித்துக்கொண்டது. மாடுகள் ஆற்றில் இறங்கிப் பாதி தாண்டியதும் வெள்ளம் வந்தது. தேசப்பன் மாடுகளை அவிழ்த்துவிட்டான். அவை நீந்திக் கரையேறின. அவனும் வண்டியில் கட்டிய வடத்தின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வடகரைக்கு நீந்தினான்.

வண்டி மிதந்தது. உள்ளே முத்தம்மாளும் ராஜம்மாவும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

6

முடிவு ஒன்று: வெள்ளம் வடிகிறது. அனைவரும் நலம். (சோம்பேறித்தனம்.)

முடிவு இரண்டு: வடம் அறுந்து —

இதைச் சொல்ல வாயைத் திறந்ததுமே சூசையம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "இனிமே எங்கிட்ட இறால் வாங்க வராத." அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: நடு ஆற்றில் ராஜம்மா கேட்கிறாள். "யம்மா, இது இப்ப வண்டியா, படகா?"

சக்கரம் தரையில் இல்லை. அப்படியென்றால் படகு. வயிற்றுப்பிள்ளைக்காரி அதில் இருக்கிறாள். பிறந்தது முதல் கட்டுப்பாட்டை மீறாத முத்தம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள், "—"

இந்த வசனத்தைப் பதினோரு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் சூசையம்மாளிடமே கேட்டேன்.

"அந்த நேரத்துல அந்தம்மா பதிலா சொல்லும்? கரையில எவன் கீறான்னு பாக்கும், சார்."

பார்த்தேன். கரையில் தேசப்பன் மட்டும்தான். வடத்தைப் பனைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறான், உள்ளங்கை கிழிந்துவிட்டது. வண்டியை இழுத்துவிட வேண்டும், ஒற்றை ஆளால் முடியவில்லை. நான் கைகொடுக்கலாம் என்றால் என் இரண்டு கையும் எழுதிக்கொண்டிருக்கின்றன.

முத்தம்மாள் தண்ணீருக்கு நடுவிலிருந்து என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், இவ்வளவு நேரம் சுகமாகப் படித்துக்கொண்டு நிற்கும் உங்களைப் பார்க்கிறாள். வடத்தின் வால் உங்கள் காலடியில்தான் கிடக்கிறது.

"யோவ், இன்னாய்யா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? எம் பொண்ணு கீறா உள்ள! புடிச்சி இழு!"