கழித்துவிட்ட கடல்

என்னைப் படிக்க வைப்பது ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. கம்ப்யூட்டர் சயன்ஸில் முனைவர் பட்டம். உதவித்தொகை அவர்களுடையது, அதனால் ஆராய்ச்சிக் கேள்வியும் அவர்களுடையது. தொலைநோக்கிகளுக்கான பெரிய கண்ணாடிகளைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். சில நேரம் தேய்ப்பு மயிரிழையிலும் மெல்லிய அளவுக்குப் பிசகிவிடும். எப்போது பிசகும் என்று முன்கூட்டியே சொல்ல நான் ஒரு புரோகிராம் எழுத வேண்டும்.

எழுதினேன். பல்கலைக்கழகத்தில் சமர்த்தாக இருந்த அது, தொழிற்சாலையில் மாட்டியதும் காலை வாரிவிட்டது. முதல் வருடம் முடிந்துவிட்டது. உதவித்தொகையை நீட்டிப்பதா, என்னைக் கை கழுவுவதா என்று இன்று முடிவெடுக்கிறார்கள். பிள்ளை பெற்று, வேலையையும் உதறிவிட்டுப் படிக்க வந்தவள் நான். இது போனால் படிப்பும் போச்சு.

தம்பிதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான்.

"பரீட்சை எழுத வந்தவ மாதிரியா இருக்கே? பேப்பர் திருத்த வந்தவ மாதிரி முறைக்கிற. கொஞ்சம் சிரியேன்க்கா."

"வண்டியத் திருப்பு நீ."

அந்த இடத்துக்கு அன்றுதான் முதல்முறை போகிறேன். வருடம் முழுக்க, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், அங்கிருந்து வரும் எண்களோடு மட்டும் குடித்தனம் நடத்தியிருந்தேன். அங்கே தலைமைப் பொறியாளரான அம்மாதான் என் விஷயத்தில் முடிவு சொல்பவர். அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்கு உறை கொடுத்து உள்ளே கூட்டிப்போனார்.

கண்ணாடி படுத்திருந்தது. ஒரு கல்யாண மேடை அளவு. மேலே மெருகுச் சக்கரம் சத்தமில்லாமல் நகர்ந்தது.

"ரொம்பக் கிட்டப் போகாதீங்க. நம்ம மூச்சுச் சூட்டுக்கே அது வளையும்" என்றார்.

இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருக்க முடியுமா? வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மாடியில் கூட்ட அறை. என் வழிகாட்டிப் பேராசிரியர் லேப்டாப்பை இணைக்கப் போராடிக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் "ஒரு நிமிஷம்" என்பார், அதனால் மாணவர்கள் வைத்த பெயரும் அதுதான். நான் ஜன்னலோரம் போனேன். கீழே மதிலை ஒட்டிக் கடல். உள்ளே வரும்போது மதிலடியில் பாறைகளைப் பார்த்தேன். இப்போது அவை இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

திரும்பினேன். சுவரில் இருந்த திரையில், கண்ணாடி படுத்திருக்கும் மேடை எவ்வளவு சாய்கிறது என்ற அளவீடு ஓடிக்கொண்டிருந்தது. கோடு மெல்ல மெல்ல இறங்கியது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் எண்கள் வந்ததும் முதலில் அவற்றைச் சுத்தம் செய்வோம். நிதானமாக ஏறி இறங்கும் அலை ஏதாவது தெரிந்தால், ஏசியின் வேலை என்று கழித்துவிட்டு மிச்சத்தில் ஆராய்ச்சி செய்வோம். இந்த அலை தினமும் கொஞ்சம் தாமதமாக வரும். ஏசிக்கு ஏது தாமதம், கடல் ஏற்றம்தானே நிலவோடு சேர்ந்து தினமும் தள்ளிப்போகும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மூளையை அடகு வைத்திருந்தேன்.

இணையத்தில் இந்தக் கரையின் கடல்மட்டத்தை எடுத்தேன். நான் கழித்துப் போட்ட அலையை அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்று ஏறும்போதெல்லாம் மற்றது இறங்கியது. வருடம் முழுக்க, ஒரு நாள்கூடத் தப்பாமல்.

கடல் ஏற ஏற, அதன் பாரத்தில் கரை அமிழ்கிறது. கரையோடு இந்தக் கட்டடமும் கண்ணாடியும் நாங்களும். அந்த மயிரிழைச் சாய்வில்தான் தேய்ப்பு பிசகுகிறது.

பேராசிரியரிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"ஒரு நிமிஷம். இப்ப இத எடுக்காதீங்கம்மா. பழைய வரைபடத்தயே காட்டுவோம், கையெழுத்து ஆகட்டும். ஒரு வருஷ வேலையும் தப்புன்னு நாமளே சொன்னா, யாரு நீட்டிப்பா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு பழைய படத்தைக் காட்ட என்னால் முடியாது. பொறியாளர் அம்மா வந்து உட்கார்வதற்குள் கொட்டிவிட்டேன்.

"மேடம், என் புரோகிராம் தப்பு. குப்பைன்னு நான் கழிச்சது கடல்."

இரண்டு கோடுகளையும் பார்த்தார். எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"இந்த ஜன்னல்கிட்ட நின்னுதான் இத்தன வருஷமா டீ குடிக்கிறேன்" என்றார். பிறகு, "கடல நிறுத்த முடியாதே. உங்க புரோகிராம் என்ன செய்யும்?"

"எப்ப தேய்க்கக் கூடாதுன்னு சொல்லும். மறுபடி முதல்லேருந்து எழுதணும்."

"எழுதுங்க. படிப்பு முடியிறவரைக்கும் இங்க உங்களுக்கு இடம் உண்டு."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். நான் அழுதுவிட்டேன். உதவித்தொகைக்காக மட்டும் இல்லை.

வாசலில் தம்பி காத்திருந்தான். என் கண்ணைப் பார்த்ததும் பதறிப்போனான்.

"என்னக்கா, இல்லேன்னுட்டாங்களா?"

"டேய், நாம நிக்கிற தரை இப்ப கீழ போயிட்டிருக்குடா. ராத்திரி மேல வரும்."

"அத விடுக்கா. நீட்டிச்சாங்களா இல்லையா?"

"நீட்டிச்சாங்க" என்றேன். அவன் கத்திக்கொண்டே என்னைத் தூக்கினான். எனக்கு மட்டும் தரையை விட்டுக் காலை எடுக்க மனம் வரவில்லை.