இடது விளக்கில் ஒரு கை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மழை நின்றபாடில்லை, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். மூடுபனிக்குள் இறங்கிப்போன ஒரு காரின் கதை சொல்கிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்தது யார் கை என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், முனீஸ்வரனும் அவன் மனைவி செல்வலட்சுமியும் குடியிருந்தார்கள். அவளுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. அடிமாலி ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை என்று நாள் சொல்லியிருந்தார்கள். அங்கே போக மலை இறங்கவேண்டும். ஆடியில் மத்தியானம் மூன்று மணிக்கே பனி மூடி, முன்னால் போகிற மாடுகூடத் தெரியாது. அந்த நாளுக்காகவே முனீஸ்வரன் ரிஜோ என்ற புரோக்கரிடம் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. முன்விளக்கு இரண்டும் காமாலைக் கண் மாதிரி மஞ்சளாகிக் கிடந்தன. போட்டால் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகாது.

"இந்த லைட்ட நம்பி எந் தங்கச்சிய ஏத்தப் போறியா மாப்ள? ரெண்டு சிம்னி விளக்கக் கட்டித் தொங்கவிடு, அது தேவல" என்றான் அவள் அண்ணன் பெரியமுத்து.

"மேல வெறும் படலம்தான் மச்சான். தேய்ச்சா உரிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முனீஸ்வரன் காருக்கு முன்னால் உட்கார்ந்தான். பெயின்டில் கீறல் விழாமல் விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினான். சோப்புத் தண்ணீரால் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தான். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு அதைவிட நைசு, அப்புறம் அதைவிட நைசு. மஞ்சள் தண்ணீர் வழிந்து ஓடியது. விளக்கு முன்னைவிட மோசமாகி, புரை விழுந்த கண்போல வெளுத்தது.

"இருந்த கண்ணையும் கெடுத்துட்டாரு டாக்டரு" என்று சிரித்தான் பெரியமுத்து.

பாலிஷ் போட்டுத் துணியால் சுழற்றச் சுழற்ற வலது விளக்கு பளிங்காகத் திறந்தது. சிரித்தவன் கிட்ட வந்து குனிந்து பார்த்தான்.

இடது விளக்கில்தான் கை ஓயவில்லை. மஞ்சள் போன பிறகும் கலங்கல் வந்துகொண்டே இருந்தது, மழைக்கால ஓடைத் தண்ணீர் மாதிரி. ஒருவழியாகத் தெளிந்தபோது, நடுவில் ஒரு உள்ளங்கை அச்சு தெரிந்தது. ஐந்து விரலும் விரித்த கை. முனீஸ்வரன் துடைத்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். அது வெளியே இல்லை. விளக்குக்கு உள்ளே, ஈரம் கோத்த இடத்தில் இருந்தது. சீல் வைத்து மூடிய விளக்குக்குள் யார் கை போகும்? அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணே, நம்ம முனியாண்டி கோயில் குதிரைக்குக் கண்ணு தொறந்தப்ப என்ன செஞ்சாக?" என்று வாசலில் இருந்து கேட்டாள் செல்வலட்சுமி.

"எதுக்க ஒருத்தரையும் நிக்க விடல. மொதல்ல கண்ணாடியக் காட்டுனாக. தொறந்த கண்ணு அது மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும்."

"அப்ப இதுக்கும் காட்டணும்."

"ஏ கழுத, அது சாமி. இது கியரு போட்டா போற வண்டி."

"எம் புள்ளையக் கொண்டு போற வண்டி" என்றாள் அவள்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து, பெரியமுத்து பக்கவாட்டில் நின்று காருக்கு முன்னால் பிடித்தான். அதற்குள் பனி இறங்கியிருந்தது. முனீஸ்வரன் உள்ளே உட்கார்ந்து விளக்கைப் போட்டான். கண்ணாடிக்குள் இரண்டு வெள்ளை வெளிச்சம் எழும்பியது. இடது வெளிச்சத்தின் அருகே, விளக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, நனைந்த சேலையோடு ஒரு பெண் குனிந்து நின்றாள். வயிறு நிறைமாதம். முனீஸ்வரன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து நேராகப் பார்த்தான். காருக்கு முன்னால் யாரும் இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் போய் ரிஜோவுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, சத்தியமா வண்டி ஆரையும் முட்டீட்டில்ல" என்றான் ரிஜோ, கேட்பதற்கு முன்பே, மலையாளம் கலந்த தமிழில். "பழைய ஓனரு மலை எறங்கி வந்தப்போ, எரட்ட வளவுல ஒரு கர்ப்பிணி கை காட்டினா. நிறுத்தாம போயிட்டான். லைட்டு மங்கல், கண்டில்லன்னு பின்ன சொன்னான். அவ அங்கயே... ரெண்டு உயிரும் போச்சு அண்ணா."

திறந்த கண்ணுக்கு அதன் முகத்தைக் காட்டினார்கள் அல்லவா? அது தான் செய்ததைப் பார்த்துவிட்டது.

அந்தக் காரில் இனி ஏறுவதில்லை என்று முடிவு செய்து முனீஸ்வரன் திரும்பி வரும்போது, செல்வலட்சுமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் பனிக்குடம் உடைந்த தண்ணீர்.

லயத்தில் பாதிப்பேர் போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஜீப்புகளும் அவர்களோடு போயிருந்தன. ஆம்புலன்ஸ் மேலே வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். வேறு வழி? அந்தக் காரேதான்.

செல்வலட்சுமி பின்சீட்டில் சாய்ந்தாள். பெரியமுத்து முன்னால் உட்கார்ந்து காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தான். "தொணைக்கு ஒரு பொம்பள இல்லையே அண்ணே" என்று அவள் அழுதாள். வலது வெளிச்சம் ரோட்டின் விளிம்பைக் காட்டியது. இடது வெளிச்சம் போன இடமெல்லாம், பனிச்சுவரில் ஒரு கையின் நிழல் ஆள் உயரத்துக்கு விரிந்து முன்னால் போனது. நில் என்று சொல்லும் கை.

"அது என்ன மாப்ள?" பெரியமுத்து துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். முனீஸ்வரன் ரிஜோ சொன்னதைச் சொன்னான்.

இரட்டை வளைவு வந்தது. நிழல் அப்படியே நின்றது. கார் நகர நகர அது நகரவில்லை.

"நிறுத்தாத, அமுக்கு!" என்றான் பெரியமுத்து.

"நிப்பாட்டுங்க" என்றாள் செல்வலட்சுமி, பல்லைக் கடித்துக்கொண்டு. "புள்ளத்தாச்சி கை காட்டுனா எந்த வண்டியும் நிக்கணும். எஸ்டேட்டுல அதுதான வழக்கம்? ஒருக்கா நிக்காமப் போனதுதான் இம்புட்டும்."

முனீஸ்வரன் நிறுத்தினான். இறங்கினான். காரைச் சுற்றி நடந்து, பின்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்கம்மா" என்றான். பனி மட்டும்தான் இருந்தது. பிறகு கார் ஒரு பக்கம் மெல்லத் தாழ்ந்தது, ஆள் ஏறினால் தாழ்வதுபோல. மண்வாசனை. அவன் கதவைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு இரண்டு விளக்கும் ஒன்றுபோல எரிந்தன. ஒவ்வொரு வளைவும் கை ரேகைபோலத் தெரிந்தது. பின்சீட்டில் செல்வலட்சுமி கத்தவில்லை. ஒரே ஒருமுறை, "கை ரொம்பச் சில்லுனு இருக்கு. ஆனா விடாமப் பிடிச்சிருக்காக" என்றாள். முன்னால் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் காலையில் முனீஸ்வரன் காரைப் பார்க்கப் போனான். இடது விளக்கு துடைத்த கண்ணாடியாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பின்பக்கத்து இடது ஜன்னலில், உள்பக்கம் ஆவி படிந்த இடத்தில், ஒரு உள்ளங்கை அச்சு. அதன் பக்கத்தில், நெல்லிக்காய் அளவுக்கு, இன்னொரு கை.

கையில் இருந்த துணியை அவன் மடித்து வைத்துவிட்டான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு விளக்கு மங்காமல் எரியட்டும். உங்கள் வீட்டுப் பெண் கை காட்டும்போது வருகிற வண்டி நிற்கட்டும். வலிக்கிற நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கட்டும். அது சூடுள்ள கையாகவே இருக்கட்டும்.