செல்ப் மாற்றப் போன இத்ரீஸ்

யாராவது போன் போட்டு “சும்மாதான் கூப்பிட்டேன்” என்றால், ஏன் சும்மா கூப்பிட்டான் என்று யோசித்து யோசித்தே மண்டை காய்ந்துபோகிற ஆள் பாப்பாரப்பட்டி இத்ரீஸ். மரவேலை அவன் தொழில். அடுத்தவர் சமாச்சாரத்தைத் தெரிந்துகொள்வது அவன் வியாதி. அப்பேர்ப்பட்டவனிடம் முன்பின் தெரியாத ஒருவன், “அண்ணா, செல்ப் தேஞ்சு போச்சுங்க, மாத்தித் தருவீங்களா? அதியமான்கோட்டை ஹைவேல நிக்கறேன்” என்றால் சும்மா விடுவானா?

“தேஞ்சு போச்சா? செல்லரிச்சுப் போச்சுன்னு சொல்லுங்க.”

“இல்லீங்கண்ணா, தேஞ்சுதான் போச்சு. புதுசு கையிலயே இருக்குது, மாட்டினா போதும். சீக்கிரம் வாங்கண்ணா, இல்லாட்டி என் வேலையே போயிரும்.”

கரையான் தின்ற செல்ப் பார்த்திருக்கிறான், பாத்திரப் பாரத்தில் வளைந்த செல்ப் பார்த்திருக்கிறான். தேய்ந்த செல்பை எங்கே கண்டான்? அதுவும் ஹைவேயில்! செய்துகொண்டிருந்த கட்டிலை அப்படியே போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலைந்து பலகையை மினிவேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

டீக்கடை ஓரத்தில் நின்றது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அடேயப்பா, என்ன கார்! மேலே யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்கிவிட்ட மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க நின்றவன்தான் போன் செய்த டிரைவர் ஜெயபால். கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின்மேல் அவன் அம்மா சின்னக்கா உட்கார்ந்திருந்தார்.

“செல்ப் எங்கப்பா?”

“வண்டிக்குள்ளதாங்கண்ணா.”

இத்ரீஸ் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். “ரெண்டு பேர் உக்காரவே இடத்தக் காணோம். இதுல செல்ப் வேறயா?”

ஜெயபால் அப்போதுதான் வேனில் கிடந்த பலகைகளைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. “நீங்க மெக்கானிக் இல்லீங்களா?” என்றபடி டீக்கடைச் சுவரைக் காட்டினான். அது இத்ரீஸ் எழுதிவைத்த விளம்பரமேதான். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாவற்றையும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் விழுங்கிவிட்டது. ‘செல்ப்’ என்ற எழுத்தும் போன் நம்பரும்தான் மிச்சம். ஜெயபால் தேடியது, வண்டியை ஸ்டார்ட் செய்கிற செல்ப் மோட்டாரை மாற்றும் ஆளை!

வேறொருவனாக இருந்தால் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பான். இத்ரீஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்ததும், அங்கேயே லாரிகளுக்கு செல்ப் வேலை பார்க்கிற தன் மச்சான் கவுஸ் பாஷாவுக்கு போன் போட்டான். மச்சான் வருகிறவரை வாயைச் சும்மா வைத்திருக்க முடியுமா? கிண்டிக் கிண்டிக் கேட்டான்.

கார் பெங்களூர் ஐஸ்வர்யா மேடத்துடையது. சேலத்திலிருந்து ஓட்டி வரச் சொல்லி ஜெயபாலை அனுப்பியிருந்தார். புது மோட்டாரும் வாங்கி டிக்கியில் வைத்தாகிவிட்டது, பெங்களூர் போய் மாட்டவேண்டியதுதான் பாக்கி. “பழசு எப்ப வேணா காலை வாரிடும். வழியில எங்கயும் அணைக்காத. அணைச்சா வேலைய மறந்துடு” என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

“அத்தன சொல்லியும் ஏன்யா அணைச்ச?”

சின்னக்காதான் சொன்னார். “என்னாலதான் சாமி. இவன் ஓட்டற வண்டிய ஒருக்கா பார்க்கலாம்னு மலையிலருந்து எறங்கி வந்தேன். ஏறும்மான்னான். அது நின்ன எடத்துலயே உறுமுது. எனக்குப் பயமாப் போச்சு. சத்தத்த நிறுத்துடான்னு கத்திப்புட்டேன்.”

நிறுத்தினான். அப்புறம் பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கியர் தானாக மாறுகிற வண்டி, தள்ளியும் கிளப்ப முடியாது.

கவுஸ் பாஷா வந்து காரைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “லாரின்னா அடியில படுத்துத் தூங்கவே செய்யலாம் மச்சான். இதுக்கடியில பல்லிதான் போவும். ஜாக்கியே நுழையாதே!”

இத்ரீஸ் ஓடிப்போய் பலகைகளை இறக்கினான். சக்கரத்துக்கு முன்னால் அவற்றை அடுக்கி, டீ குடிக்க வந்தவர்களெல்லாம் கை கொடுத்துத் தள்ளி, காரை மேலே ஏற்றினார்கள். ஜாக்கி நுழைந்தது. சக்கரத்துக்குக் கல்லும் முட்டுக் கொடுத்தார்கள்.

“செல்ப் மாத்த செல்ப் பலகை! நீ வந்ததும் நல்லதாப் போச்சு போ” என்று சிரித்துக்கொண்டே கவுஸ் பாஷா பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்தான். டார்ச் பிடிக்கிற சாக்கில் இத்ரீஸும் புகுந்தான்.

“அது ஏன் பல்லு பல்லா இருக்குது? இந்த ஒயரு எங்க போவுது?”

“வாயை மூடிட்டு லைட்டக் காட்டு.”

போல்ட்டுகள் முரண்டு பிடித்தன. ஒருவழியாகப் பழைய மோட்டார் கழன்று வந்து, புதுசு உட்கார்ந்தது. பழசைப் பிரித்துக் காட்டினால்தான் ஆச்சு என்று இத்ரீஸ் அடம்பிடித்தான். உள்ளே கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை துவரம்பருப்பு அளவுக்கு வந்திருந்தது. “மெய்யாலுமே தேஞ்சுதான் போயிருக்கு” என்று அவன் ஜெயபாலிடம் ஒத்துக்கொண்டான்.

காரை இறக்கி, ஒயரை மாட்டி, ஜெயபால் பட்டனை அமுக்கினான். வண்டி உறுமியது. டீக்கடையே ஹோவென்று கத்தியது.

அந்த நேரம் பார்த்து மேடத்திடமிருந்து போன். ஜெயபால் அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

“வண்டி ஒரே எடத்துல நிக்குதே, மொபைல்ல தெரியுது. என்னாச்சு?”

“டிராஃபிக்...” என்று ஆரம்பித்தவன் அம்மாவைப் பார்த்தான். “இல்லீங்க மேடம். எங்கம்மாவ ஏத்தலாம்னு நான்தான் அணைச்சேன். மறுபடி எடுக்கல. மோட்டார இங்கயே மாத்தியாச்சுங்க.”

“நேரா வா. மிச்சத்த நேர்ல பேசிக்கலாம்.” போன் கட்டாகிவிட்டது.

“மிச்சம்னா? வேலை இருக்குதா, போச்சா?” இத்ரீஸால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தெரியலண்ணா. திட்டு மட்டும் நிச்சயம்.” ஜெயபால் அம்மா பக்கம் திரும்பினான். “நீ பஸ்ஸுலயே போயிரும்மா.”

சின்னக்கா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவண்டை வந்து நின்றார்.

“தருமபுரி தாண்டித்தான போற? வழியில எறங்கிக்கறேன்.”

“சத்தம் போடும்மா அது.”

“போட்டா போடட்டும். என்னைய ஏத்தப் போயிதான உன்னைத் திட்டப் போறாங்க? நான் ஏறாமயே நீ திட்டு வாங்கினா அது வெட்டித் திட்டுடா. கதவத் தொற.”

ஜெயபால் கதவைத் திறந்தான்.